முன்சக்கரத்துக்கு அடியில்: வீட்டில் எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது

சொந்த உபயோகக் கார் ஒன்றைப் பதிவு செய்தால் அந்தப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகுதான் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிப்போய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். டாக்சிக்கும் வேனுக்கும் அப்படியில்லை. எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். பிரிட்டனில் சொந்தக் காரும் மூன்று வயது முடிந்ததும் ஆண்டுக்கொருமுறை எம்.ஓ.டி. சோதனைக்குப் போகிறது. ஜெர்மனியில் முதல் மூன்றாண்டு கழிந்தபின் இரண்டாண்டுக்கு ஒருமுறை. அங்கே சோதிப்பவர் வண்டியைத் தூக்கி, அடியில் நின்று, ஒவ்வொரு ஜாயிண்டாக நெம்பிப் பார்க்கிறார். நம் ஊரில் ஒரு குடும்பக் காரின் முன் சஸ்பென்ஷனை 15 ஆண்டு வரை சட்டப்படி யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. உரிமையாளர் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தேய்ந்த பாகத்தை வீட்டிலேயே மாற்றலாமா என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி. கண்டுபிடிப்பது முதல் வேலை, மாற்றுவது இரண்டாவது. முதல் வேலையை யாரும் தன் வீட்டு வாசலில் செய்ய முடியும். இரண்டாவது, பாகத்தைப் பொறுத்தது. ஒன்று அரைமணி நேரத்தில் முடியும், இன்னொன்று ஆளையே கொல்லும்.

பாகங்களைத் தேய்ப்பது எது என்று பார்க்க விழுப்புரம் பக்கத்துக் கெடாரை எடுத்துக்கொள்வோம். காணை, அன்னியூர், கண்டாச்சிபுரம் என்று சுற்றிலும் கரும்பும் நெல்லும் மணிலாவும் விளைகிற ஊர்கள். ஆலை அரைக்கிற பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் வரிசையாகப் போகும். மற்ற நாளில் ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிய டிப்பர்கள். அத்தனை பாரத்துக்குப் போடாத தார்ச்சாலை ஓரத்தில் உடைந்து, நடுவில் அலையலையாக எழும்பிவிடுகிறது. இதன்மேல் ஆல்ட்டோவும் வேகன் ஆரும் பழைய ஆம்னியும் தினமும் விழுப்புரம் போய் வருகின்றன.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட 99-ஆம் எண் வழிகாட்டி ஒரு வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று அளவோடு சொன்னது. அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி குலுங்காமல் ஏறி இறங்கத்தான் இந்த அளவு. பள்ளிக்கூடத்து முன்னாலும் கோயில் திருப்பத்திலும் ஊர்க்காரர்கள் கேட்டு ஒரே ராத்திரியில் போட்ட தடைகளில் டேப் வைத்து அளந்து பாருங்கள். உயரம் இருக்கும், அகலம் ஒன்றரை அடி கூட இருக்காது. அது வேகத்தடை இல்லை, குறுக்கே போட்ட கட்டை. அதில் ஏறும் ஒவ்வொரு முறையும் அடி முதலில் விழுவது சக்கரத்தைக் கீழிருந்து பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷிலும் பால் ஜாயிண்டிலும்.

மழை மூன்றாவது எதிரி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் முழுக்க நீரில் நின்றது. சக்கரம் முங்க நின்ற வண்டிகளில் எல்லோரும் கவலைப்பட்டது எஞ்சினையும் வயரிங்கையும் பற்றி. கீழே, கிழிந்த ரப்பர் பூட் வழியாகச் சேற்று நீர் பால் ஜாயிண்டுக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. அது உடனே சத்தம் போடாது. உள்ளே மண் அரைத்துக் குழி விழ மாதங்கள் ஆகும்.

அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலை வேறு மாதிரி இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அந்த வண்டிக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. முறுக்கு விசையில் வேலை செய்யும் டார்ஷன் பார்தான். அசையும் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். வண்டியைத் துடைத்து நிறுத்துகிற ஆள் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிப்பார். பிரீமியர் பத்மினியிலும் கிங்பின்னுக்கு அதே மரியாதை. உரிமையாளரோ டிரைவரோ மாதத்தில் ஒருமுறையாவது முன்சக்கரத்தின் அடியைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். கிரீஸ் அடிக்கக் குனிந்தவருக்கு விரிசலும் ஆட்டமும் தானாகக் கண்ணில் பட்டன.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறிய காருக்காக இதை யோசித்தார். அந்தக் கார் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டுக்குப் போன பிறகு 1950-இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சலில் இது தெருவுக்கு வந்தது. ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாக்கி, மேல் முனையை பாடியோடும் கீழ் முனையைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் பிடித்துவிட்டால் மேலே விஷ்போன் என்னும் கையே வேண்டாம். செலவும் இடமும் மிச்சம். இன்று கெடாரில் நிற்கும் சிறு கார்கள் அனேகமாக எல்லாமே இந்த அமைப்புத்தான். கூடவே மூட்டுகளும் வாழ்நாள் முழுக்க மூடி வைத்தவை ஆகிவிட்டன. நிப்பிள் இல்லை, கிரீஸ் அடிக்க வழியில்லை. குனிவதற்குக் காரணமும் போயிற்று. பராமரிப்பு என்பது போய், கெட்டால் மாற்று என்பது வந்தது.

சரி, கெட்டது எது என்று எப்படித் தெரியும்? 'முன்னாடி டக்கு டக்குனு கேக்குதுண்ணே' என்றுதான் எல்லோரும் பட்டறையில் சொல்கிறார்கள். மெக்கானிக்கும் அனுபவத்தில் 'ஷாக்கப்சர் போயிருக்கும்' என்று இரண்டையும் கழற்றி மாற்றிவிடுகிறார். சத்தம் மட்டும் போகாமல் இருக்கும். காரணம், அந்த 'டக்கு'களில் பல சாதி உண்டு.

மெதுவாகப் போகும்போது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கடகடவென்று தகரம் ஆடுவதுபோல் வருவது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது அதன் புஷ். பிரேக் அழுத்தும்போதும் விடும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரி 'டொய்ங்' என்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டும் அதிலுள்ள பேரிங்கும். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டிக் டிக் டிக் என்று சக்கரச் சுற்றோடு வந்தால் அது சஸ்பென்ஷனே இல்லை, ஆக்ஸிலின் சிவி ஜாயிண்ட். ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் பெரும்பாலும் சத்தம் வராது. வண்டி தடையில் ஏறி இறங்கியபின் தொட்டில் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டே போகும். ஸ்ட்ரட்டின் மேல் லேசான எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஈரமாக வழிந்து கோடு போட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

காது சொன்னதைக் கை உறுதி செய்ய வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடத்தில் இரு கைகளால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ. எது என்று பிரிக்க, வீட்டில் ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். பிறகு ஒரு நீளக் கம்பியை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினால் கண்ணுக்கே தெரியும்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளின் முன்பக்கம் இரட்டை விஷ்போன் வகை. ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்மில் உட்காரும் அமைப்பில் வண்டியை பாடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் கீழ் பால் ஜாயிண்ட் இறுகி, தேய்ந்திருந்தாலும் ஆட்டம் காட்டாது. ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும். அப்படிப்பட்ட வண்டியில் வீட்டில் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே பால் ஜாயிண்டைக் கழற்றுவது என்பது ஸ்பிரிங்கையே அவிழ்த்து விடுவது.

இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மாற்றுகிற வேலையைச் செய்யவே போவதில்லை என்று முடிவு செய்தவரும் இதைக் கற்றுக்கொண்டு பட்டறைக்குப் போனால் பேச்சே மாறிவிடும். 'சத்தம் கேக்குதுண்ணே' என்பதற்குப் பதில் 'இடது பக்கம் பால் ஜாயிண்ட்ல பிளே இருக்குண்ணே, பாருங்க' என்று சொல்கிறவரிடம் யாரும் இரண்டு ஷாக் அப்சார்பரை விற்க முடியாது.

இனி மாற்றுவது. முதல் விதி பாகத்தைப் பற்றியது அல்ல, தரையைப் பற்றியது. மண் வாசலில் ஜாக்கி சாயும். சிமெண்ட் தரை வேண்டும். முன்சக்கர இயக்கக் கார்களில் கைபிரேக் பின்சக்கரத்தைப் பிடிப்பதால் முன்னால் தூக்கும்போது அது உதவும். அதோடு பின்சக்கரத்தின் இரு பக்கமும் கல் கொடுக்க வேண்டும். வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்குக் கீழே விடக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். வாங்க மனமில்லாவிட்டால் இந்த வேலையையே விட்டுவிடுங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குவது நம் ஊர் வழக்கம். பாரம் ஒரு புள்ளியில் இறங்கியதும் அவை முன்னறிவிப்பின்றிப் பொடியும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரப்பட்டைக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால், எது சரிந்தாலும் அதன்மேல் உட்காரும்.

ஸ்டெபிலைசர் லிங்க்தான் புதிதாகத் தொடங்குகிறவருக்கு உகந்த பாகம். மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு. இரண்டு முன்சக்கரமும் தொங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட் துளைக்கு நேராக வராது. துருப்பிடித்த நட்டு கூடவே பால் ஸ்டட்டையும் சுழற்றும். அதைத் தடுக்க ஸ்டட்டின் நுனியிலோ அடியிலோ ஸ்பேனர் பிடிக்க இடம் வைத்திருப்பார்கள். முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

டை ராட் எண்டும் வீட்டில் முடியும். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்ததோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்ற வேண்டும். ஆனாலும் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு, மாறாமல் இருக்காது. இது முடிந்த கையோடு வண்டியை மெதுவாக ஓட்டி வீல் அலைன்மெண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கெடார்க்காரருக்கு அது விழுப்புரம் வரை ஒரு நடை. அந்த நடையைத் தவிர்ப்பவரின் புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரம் தேய்ந்து ரம்பம்போல் ஆகும். மிச்சம் பிடித்த கூலியைப்போலப் பல மடங்கு டயர்க் கடைக்குப் போகும்.

லோயர் ஆர்ம்தான் நடுத்தரமான வேலை. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுவே. பல சிறு கார்களில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும். புஷ்ஷும் அதிலேயே அழுத்தப்பட்டிருக்கும். மூன்றையும் தனித்தனியாக மாற்றப் பார்ப்பதைவிட முழு ஆர்மாக மாற்றுவதுதான் வீட்டுக்குச் சரி. தனிப் புஷ் வாங்கிச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புஷ் கோணலாக உட்காரும், ரப்பர் உள்ளே கிழியும். சில புஷ்ஷில் எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்று குறியே உண்டு. அந்த வேலைக்கு ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைதான் இடம்.

பால் ஜாயிண்டின் ஸ்டட் நக்கிளில் இரண்டு விதமாகப் பிடித்திருக்கும். ஒன்றில் குறுக்கே ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் போல்ட் ஸ்டட்டின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் தளர்த்தினால் போதாது, முழுவதும் உருவி எடுக்க வேண்டும். மற்றதில் கூம்பு வடிவ ஸ்டட்டும் மேலே நட்டும். நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவிட்டு, நக்கிளின் காதைப் பக்கவாட்டில் சுத்தியலால் சுளீரென்று ஓரிரு அடி கொடுத்தால் கூம்பு விடும். ஸ்டட்டின் தலையில் அடிப்பது வீண், மரைதான் நசுங்கும். நக்கிள் விடுபட்டதும் அதை வெளிப்பக்கம் இழுத்துப் போடாதீர்கள். ஆக்ஸிலின் உள் ஜாயிண்ட் கழன்று வந்தால் அரைநாள் வேலை இரண்டு நாளாகும். பிரேக் ஹோஸில் எதையும் தொங்கவிடக் கூடாது. ஏ.பி.எஸ். வயர் இருக்கிற வண்டியில் அதற்கும் ஒரு கண்.

பட்டறைகளிலேயே பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. புது ஆர்மை ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழு இறுக்கம் கொடுத்து முறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது. வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நின்ற நிலையிலேயே முறுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதை மேலும் முறுக்கும். 'புதுசு போட்டு ஆறு மாசங்கூட ஆகல, புஷ்ஷு போயிடுச்சு' என்பதில் பாதிப் பழி பாகத்தின் மேல் இல்லை. போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் நியூட்டன் மீட்டரில் சொல்லும். அதற்கு ஒரு டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பது அளவாகாது. ஸ்ப்லிட் பின்னையும் லாக் நட்டையும் பழையதைத் திரும்பப் போடாமல் புதிதாகப் போடுங்கள்.

இப்போது தொடக் கூடாததற்கு வருவோம். ஆல்ட்டோ மாதிரியான சிறு காரின் எடை ஏறக்குறைய 750 கிலோ, அதில் பாதிக்கு மேல் முன்பக்கம். அதாவது ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் கார் சும்மா நிற்கும்போதே ஏறக்குறைய 200 கிலோ தாங்குகிறது. சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டால் அழுத்தம் குறையும், ஆனால் போய்விடாது. ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள் அழுத்தியே பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டு அந்த மேல் மைய நட்டு. பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றிலும் இரண்டோ மூன்றோ நட்டும் நடுவில் ஒன்றும் தெரியும். சுற்றியுள்ளவை ஸ்ட்ரட்டை பாடியோடு பிடிப்பவை. நடு நட்டு ஸ்பிரிங்கைப் பிடிப்பது. எல்லாம் ஒரே நட்டுதானே என்று நடுவில் கை வைத்தால் ஸ்பிரிங் தலைப்பகுதியோடு பாய்ந்து வரும். எதிரே இருப்பது முகம்.

ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி எடுப்பது வரை வீட்டில் செய்யலாம். அதிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பதற்கு ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். இரண்டு கொக்கியும் நீளத் திருகும் உள்ள மலிவான ஜோடி விற்கிறது. கொக்கி நழுவினால் அதுவும் ஆயுதம்தான். கயிற்றையும் கம்பியையும் கட்டி ஸ்பிரிங்கை அமுக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சுவரோடு பிடித்த கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கார்ட்ரிட்ஜ் மாற்றி வாங்கி வருவதுதான் என் தீர்ப்பு. ஷாக் அப்சார்பரை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரிட்டனில் ஜான் ஹெய்ன்ஸ் 1966-இல் தன் முதல் வீட்டு ரிப்பேர்க் கையேட்டை வெளியிட்டார். ஒவ்வொரு மாடலையும் கழற்றிப் படம் பிடித்துப் போட்ட அந்த வரிசை கோடிக்கணக்கில் விற்றதற்குக் காரணம் ஆர்வம் மட்டுமல்ல. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி பாகத்தின் விலையைத் தாண்டும். இங்கே கணக்கு தலைகீழ். லோயர் ஆர்ம் மாற்றும் கூலி அந்த ஆர்மின் விலையில் சிறு பங்கு. ஸ்டாண்டு, ரெஞ்ச், பாக்ஸ் ஸ்பேனர் செட் வாங்கிய காசைக் கூலி மிச்சத்தில் எடுக்க ஆண்டுகள் ஆகும். ஆகவே பணத்துக்காக மட்டும் வீட்டில் செய்யலாம் என்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் செய்வதன் லாபம் வேறு: எந்தப் பாகம் போடப்பட்டது என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த நிச்சயம் சின்ன விஷயமல்ல. பால் ஜாயிண்ட் ஓடும்போது பிடுங்கிக்கொண்டால் சக்கரம் வெளிப்பக்கம் மடிந்துவிடும், ஸ்டியரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட பாகத்தில் டூப்ளிகேட் போடுவதற்கு மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் காரணமாகாது. கார்க் கம்பெனியின் பெட்டியில் வருவதைத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் பெயரில் கடையிலும் விற்கிறார்கள். 1929-இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம் டை ராட் எண்டும் பால் ஜாயிண்டும் செய்கிறது. அதன் தொழிற்சாலை ஒன்று புதுச்சேரிப் பக்கமே இருக்கிறது. ஷாக் அப்சார்பரில் கேப்ரியல் பழைய பெயர். எதுவானாலும் பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 விழுக்காடு. முன்பு பெரும்பாலானவற்றுக்கு 28 இருந்தது. 'பில் போட்டா வரி அதிகமாகும்ணே' என்ற பழைய பாட்டுக்கு இப்போது வலு குறைவு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஆக்ஸில் ஆகியவற்றின் ரப்பர் பூட்களை டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் கிழிந்து, உள்ளே ஆட்டம் இன்னும் வராமல் இருந்தால் பல மாடல்களுக்கு பூட் மட்டும் தனியாகக் கிடைக்கும். கிரீஸ் வைத்து அதை மாற்றினால் போதும். ஆட்டம் வந்துவிட்டிருந்தால் பூட் மாற்றிப் பயனில்லை. பாகத்தை மாற்றிவிட்டு அலைன்மெண்ட் பார்த்து, 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.